பற்ற மறுத்த போறணை

“எங்கள் வீட்டில் அவன் எரியவில்லை. அப்பப்பா அவனுக்கு நெருப்பு வைக்கப் போனார். நான் மறித்தேன்.”

வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றிச் சில வரிகள் எழுதிவருமாறு வகுப்பில் கேட்டபோது எமது மகள் எழுதிக் கொடுத்தவை இவை. அன்று மாலையே ஆசிரியர் எமக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் ஒரு தயக்கம் இருந்தது. வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்தார். ஐயாவின் உடல்நிலை எப்படி என்று கேட்டார். பின்னர் மெதுவாக, “அந்த அவன் ஆர்?” என்றார.

அவன் எமது எரிவாயு அடுப்பின் கீழ்ப்பகுதி. கேக் வேகவைக்கும் பெட்டி. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினால் அங்கே ஒரு மனிதன் வந்து நின்றுவிடுகிறான் என்பதை நாம் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த வாரம் அச்சொல்லைச் சிவப்பு மையினால் வெட்டி, மேலே “போறணை” என்று எழுதி அனுப்பியிருந்தார். “வெதுப்பி என்றும் எழுதலாம்” என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது.

சிரிப்பு அடங்கிய பின்னர் நாம் இருவரும் அந்த மூன்று வரிகளையும் மீண்டும் படித்தோம். கடைசி இரண்டு சொற்களிலே கண் நின்றுவிட்டது. அவள் மறித்திராவிட்டால் எமது வீட்டில் ஒருவருக்கு முகம் கருகியிருக்கும். அதனிலும் மோசமானது நடந்திருக்கவும் கூடும். மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றியும் புலம்பெயர் மண்ணில் அதன் எதிர்காலம் பற்றியும் எழுத எம்மிலும் வல்லோர் பலர் இருப்பதனால், நாம் இந்தப் போறணையின் கதையையே எழுதுவது என்று முடிவுசெய்தோம்.

சென்ற ஆண்டு விழாவுக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை இரவு. பள்ளியின் சிற்றுண்டிச்சாலைக்கு இரண்டு தட்டுப் பட்டர் கேக் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். எம்முள் சமையலில் கைதேர்ந்தவர் பட்டரையும் சீனியையும் அடித்து, முட்டை உடைத்து ஊற்றி, மாவைக் கலந்து, தட்டுகளில் வார்த்து வைத்தார். மற்றவர் போறணையை 350 பாகைக்குத் திருப்பினார். பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தால் உள்ளே வெப்பம் என்பதே இல்லை.

மேலே உள்ள நான்கு அடுப்புகளும் நீலச் சுவாலையுடன் ஒழுங்காக எரிந்தன. ஆகவே எரிவாயு வருகிறது. மணிக்கூடு நேரம் காட்டியது, உள்விளக்கும் எரிந்தது. ஆகவே மின்சாரமும் இருக்கிறது. குனிந்து பார்த்தபோது, போறணையின் அடித்தகட்டுத் துளைகளினூடாக ஒரு செம்மஞ்சள் ஒளி தெரிந்தது. எதுவோ ஒன்று தணல்போல் ஒளிர்கிறது. ஆனால் சுவாலை எழவில்லை.

எம்முடன் இருப்பவர் எமது ஐயா, பிள்ளைகளுக்கு அப்பப்பா. அவர் அந்த ஒளியைப் பார்த்ததும் நோயைக் கண்டுபிடித்துவிட்ட வைத்தியரைப்போல் தலையாட்டினார். “நெருப்பு வந்திட்டுது. வாயுதான் வரேல்லை. நிற்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ.” போட்டோம். மீண்டும் நிறுத்தினோம், மீண்டும் போட்டோம். நான்காம் தடவையோ ஐந்தாம் தடவையோ தெரியாது, அழுகிய முட்டைபோன்ற ஒரு மணம் மெல்லியதாக எழுந்தது. அதை ஐயா நற்சகுனமாகவே எடுத்துக்கொண்டார். “இப்ப வாயு வருது. நெருப்புப்பெட்டியை எடு பிள்ளை.”

பிள்ளை எடுக்கவில்லை. போறணைக்கும் அப்பப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். “மணக்குது அப்பப்பா. கொளுத்தக்கூடாது.” பகற்பள்ளிக்கு வந்த தீயணைப்பு வீரர் சொல்லிக்கொடுத்தது அது. எழுபத்தெட்டு வயதில் தமக்கு நெருப்பு மூட்டப் படிப்பிக்கிறாயோ என்று ஐயா கோபித்தார். எம்முள் ஒருவர் மணத்தைப் போக்கவென்று புகைவெளியேற்றும் காற்றாடியின் விசையை நோக்கிக் கையை நீட்டினார். “அதையும் தொடக்கூடாது” என்று ஒரு சத்தம். விசையைப் போடும்போது உள்ளே சிறு பொறி தெறிக்கலாம் என்பது பெரியவர்களாகிய எமக்கு அப்போதுதான் உறைத்தது. போறணையை நிறுத்தினோம். கதவையும் யன்னல்களையும் திறந்துவைத்துவிட்டு, தை மாதத்துப் பனிக்குள்ளே குடும்பமாய்ப் போய் வாசலில் நின்றோம்.

எம்முடைய தவறு அந்த இரவில் தொடங்கியதன்று. கார்த்திகை மாதத்திலிருந்தே போறணை சூடேற நெடுநேரம் எடுத்துவந்தது. சில நாட்களில் தொடக்கத்தில் இலேசாக மணக்கும், பிறகு “டொப்” என்று ஓர் ஓசையுடன் பற்றும். பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். ஓசை வந்தபோது பற்றிவிட்டது என்று மகிழ்ந்தோம். அந்த ஓசை, பற்றுவதற்கு முன்பே உள்ளே தேங்கிவிட்ட வாயு ஒரேயடியாக எரிவதன் ஓசை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மணம் முற்றாக நீங்கி வீட்டுக்குள் திரும்பியபோது இரண்டு தட்டு மாக்கூழும் மேசைமேல் எம்மைப் பார்த்தபடி கிடந்தன. அடுத்த வீட்டில் கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்து குடியேறிய ஒரு மூதாட்டி இருக்கிறார். இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினோம். தட்டுகளைத் துவாயால் மூடி, வழுக்கும் பனியில் ஊர்வலம்போலக் கொண்டுபோனோம். ஐயாவுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. “ஊரிலையும் இப்பிடித்தானே” என்றார்.

உண்மைதான். முன்பு யாழ்ப்பாணத்தில் வீட்டில் போறணை வைத்திருந்தவர் மிகச் சிலரே. தைலம் தடவிய தட்டில் கேக்கை ஊற்றிச் சந்திப் பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். பாண் வெந்து இறங்கியபின் மிஞ்சிய சூட்டில் அது வேகும். அல்லது சட்டியில் மணல் பரப்பி, அதற்குள் தட்டை வைத்து, மூடியின்மேல் தணல் போட்டு மேலும் கீழும் வெப்பம் கொடுப்பார்கள். பேக்கரிப் போறணை என்பது செங்கல்லால் குவித்துக் கட்டிய ஒரு குகை. விறகை அதன் உள்ளேயே எரித்து, கல் நன்றாகச் சூடேறியதும் தணலை ஒதுக்கிவிட்டு, நீண்ட பிடி கொண்ட பலகையால் பாண் தகரங்களைத் தள்ளுவார்கள். சூட்டை அளக்க மானி கிடையாது. ஒரு பிடி மாவைத் தூவி, அது எவ்வளவு விரைவாய் நிறம் மாறுகிறது என்று பார்ப்பார்கள். அங்கே நெருப்பு மனிதன் கண்ணால் பார்த்துக் கையால் ஆளும் பொருள். ஐயா அந்தப் பள்ளியில் படித்தவர்.

அதனால் அவரைக் குறைசொல்ல எமக்கு மனம் வரவில்லை. பன்னாடையிலும் பொச்சிலும் நெருப்பு மூட்டி, ஊதுகுழலால் ஊதி, ஒரு குச்சியும் வீணாக்காமல் அடுப்பெரித்த தலைமுறை அது. இரவு தணலைச் சாம்பலால் மூடிவைத்துக் காலையில் கிளறி எடுப்பார்கள். அதுவும் அணைந்துபோனால் சிரட்டையோடு பிள்ளையை அயல்வீட்டுக்கு அனுப்புவார்கள். 1990 இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தபோது, மண்ணெண்ணெய் பொன்போல் விலைபோக, ஜாம் போத்தலுக்குள் திரியிட்டுச் சொட்டு எண்ணெயில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் இவர்களே. நெருப்பு இல்லாமற் போவதைக் கண்டு அஞ்சியவர்களுக்கு, நெருப்பு தேடி வந்து அடிக்கும் என்ற அச்சம் எளிதில் வராது. தீக்குச்சி அவர்களுக்குத் தீர்வு. எரிவாயுவுக்கு முன்னால் அதுவே ஆபத்து.

இவ்விடத்தில் எமது நகரத்தைப் பற்றியும் ஒரு சொல். அஜக்ஸ் என்னும் இந்நகரம் இரண்டாம் உலகப்போரின்போது, 1941 இல், எறிகணைகளுக்கு வெடிமருந்து நிரப்பும் ஒரு பெருந்தொழிற்சாலையைச் சுற்றி எழுந்தது. 1939 மார்கழியில் தென் அத்திலாந்திக்கில் ஜெர்மன் கப்பலொன்றோடு பொருதிய பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரையே ஊருக்கும் இட்டார்கள். அங்கே வேலைசெய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அத்தகைய ஆலைகளின் வாயிலைத் தாண்டித் தீப்பெட்டி கொண்டுசெல்வது பொறுத்துக்கொள்ளப்படாத குற்றம். ஷெல்லடிக்குத் தப்பி ஓடிவந்த எம்மவர் பலர், ஷெல் செய்த ஊரிலேயே வீடு வாங்கிக் குடியிருக்கிறோம் என்பதை ஐயாவுக்கு ஒருநாள் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கட தலையெழுத்து” என்று மட்டும் சொன்னார். தீப்பெட்டி பற்றிய செய்தியை இந்தப் போறணை விவகாரத்துக்குப் பின்னரே சொன்னோம். அது வேறு விதமாய்ப் போய்ச் சேர்ந்தது.

இனி அந்தச் செம்மஞ்சள் ஒளிக்கு வருவோம்.

பழைய எரிவாயு அடுப்புகளில் சிறு சுடரொன்று இரவுபகலாக எரிந்துகொண்டேயிருக்கும். அதிலிருந்து பெருஞ்சுவாலை பற்றும். இப்போதைய மேலடுப்புகளில் “டிக் டிக்” என்று மின்பொறி தெறித்து வாயுவைப் பற்றவைக்கிறது. போறணையில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. அங்கே இருப்பது ஒரு விரல் நீளமான சாம்பல்நிறச் சட்டம். சிலிக்கன் காபைட் என்ற பொருளால் ஆனது. மின்சாரம் பாயும்போது அது தணல்போல் ஒளிரும்.

அந்தப் பொருளுக்கும் எமக்கும் ஓர் அயலுறவு உண்டு. ஊரிலிருந்து எவர் வந்தாலும் நாம் முதலில் அழைத்துப்போய்க் காட்டுவது நயாகரா நீர்வீழ்ச்சி அல்லவா? எடிசனிடம் வேலைசெய்திருந்த எட்வேர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர், செயற்கை வைரம் செய்யும் ஆசையில், 1891 இல் இரும்புக் கிண்ணமொன்றில் களிமண்ணையும் கரியையும் இட்டுப் பலத்த மின்சாரத்தைப் பாய்ச்சினார். வைரம் வரவில்லை. வைரத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்க வன்மையுடைய மினுங்கும் பளிங்குத் துணுக்குகள் கிடைத்தன. அதைப் பெருமளவில் செய்யத் தேவையான மின்சாரத்தை நாடி, 1895 இல் அவர் நயாகராவின் அமெரிக்கக் கரையில் தொழிற்சாலையை அமைத்தார். நீர் விழுந்து பிறந்த மின்சாரத்தில் வெந்த பொருளே இன்று எமது போறணையின் அடியில் நெருப்பை மூட்டுகிறது.

மாணவர் கவனிக்கவேண்டிய இடம் இனித்தான் வருகிறது. மேல்வகுப்பு மாணவர் விஞ்ஞானத்தில் தொடர்ச்சுற்று படித்திருப்பீர்கள். 120 வோல்ட் மின்சாரம் முதலில் இந்தச் சட்டத்தினூடாகவும், பின்னர் எரிவாயுக் குழாயை அடைத்திருக்கும் பாதுகாப்பு வால்வினூடாகவும் ஒரே வழியாய்ப் பாய்கிறது. வால்வுக்குள் இருப்பது ஓர் ஈருலோகச் சட்டம். இரண்டு உலோகங்கள் ஒட்டிய தகடு சூடானால் ஒருபக்கம் வளையும் அல்லவா, அதேதான். போதுமான மின்னோட்டம் வந்தால் அது வளைந்து வால்வைத் திறக்கும். வராவிட்டால் திறக்காது.

சிலிக்கன் காபைட் குளிராக இருக்கையில் மின்சாரத்தை அதிகமாய்த் தடுக்கும். சூடேறச் சூடேறத் தடை குறையும், மின்னோட்டம் கூடும். எமது வகை அடுப்பில் ஏறத்தாழ 3.2 அம்பியரை எட்டியபின்னரே வால்வு திறக்கும். அதாவது, வாயுவைப் பற்றவைக்கக்கூடிய அளவுக்குச் சட்டம் சூடாகிவிட்டது என்று உறுதியாகும்வரை வாயுவே வராது. எவ்வளவு அழகான ஏற்பாடு! காவற்காரன் ஒருவனை வைத்தாலும் இத்தனை ஒழுங்காய்ச் செய்யமாட்டான்.

ஆனால் பல ஆண்டுகள் ஒளிர்ந்து ஒளிர்ந்து சட்டம் மூப்படைகிறது. மூப்படைந்தால் அதன் தடை கூடுகிறது. அப்போதும் அது ஒளிரும். பார்ப்பவருக்குப் புதியதற்கும் பழையதற்கும் வேறுபாடு பெரிதாய்த் தெரியாது. வால்வுக்குத் தெரியும். மின்னோட்டம் போதாதென்று அது மூடியே கிடக்கும். இன்னும் மோசமான நிலை, முழுதும் பழுதாகுமுன் வரும் இடைக்காலம். வால்வு பிந்தியோ அரைகுறையாகவோ திறக்கும். வாயு வரும். அதைப் பற்றவைக்கும் வெப்பம் சட்டத்தில் இராது. வாயு பெட்டிக்குள் தேங்கும். திருப்பித் திருப்பிப் போட்டு நாம் அன்று செய்தது அதைத்தான். அத்தேக்கத்துக்குள்ளே ஒரு தீக்குச்சியோடு குனியப் பார்த்தார் ஐயா.

“நெருப்பு வந்திட்டுது, வாயுதான் வரேல்லை” என்று அவர் சொன்னது பாதி சரி. வந்த நெருப்புப் போதாது என்பதனாலேயே வாயு வரவில்லை.

இது எமக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். 2013 மார்கழியில் உறைமழை பெய்து, மரங்களெல்லாம் கண்ணாடிபோல் ஒடிந்து, ரொறன்ரோவும் சுற்றுப்புறமும் நாட்கணக்கில் இருளில் கிடந்தது பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். அப்போது மேலடுப்பைத் தீக்குச்சியால் மூட்டித் தேநீர் வைத்தோம். போறணை மட்டும் அசையவில்லை. மின்சாரம் இல்லாமல் சட்டம் ஒளிராது, சட்டம் ஒளிராமல் வால்வு திறக்காது. அன்று அதைப் பிடிவாதம் என்று வைதோம். அன்றைய பிடிவாதம் எமக்குக் காவலாய் இருந்தது. உள்ளதைச் சொன்னால், போறணை எரிந்திருந்தால் அதன் கதவைத் திறந்துவைத்துக் குளிர்காய்ந்திருப்போம். அடைத்த வீட்டுக்குள் அப்படிச் செய்வதும், கரியடுப்பையோ மின்பிறப்பாக்கியையோ உள்ளே கொண்டுவருவதும் காபனோரொட்சைட்டு என்ற மணமில்லா நச்சுவாயுவை நிறைத்துவிடும். ஒன்ராறியோவில் எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. எமது வீட்டில் அது இருந்தது. மின்கலம் தீர்ந்து போயிருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நச்சுவாயுவுக்கு மணமில்லை. எரிவாயுவுக்கு மணம் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். இயற்கை எரிவாயுவான மீதேனுக்கும் மணம் கிடையாது. எமது மகளின் மூக்கில் ஏறிய அந்த அழுகல் மணம் வேண்டுமென்றே கலக்கப்படுவது. அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் கதை இருக்கிறது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய் வளத்தால் செழித்த ஊரின் புதுப் பள்ளி. செலவைக் குறைக்கவென்று, எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் மணமில்லாத வாயுவைப் பள்ளிக்குழாயில் இணைத்திருந்தார்கள். அது கசிந்து கட்டடத்தின் அடியில் நிறைந்ததை எவரும் உணரவில்லை. 1937 பங்குனி 18 அன்று பிற்பகல், தொழிற்கல்விக் கூடத்தில் மரம் தேய்க்கும் மின்கருவியொன்று இயக்கப்பட்டபோது பொறி பறந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பின்னரே எரிவாயுவுக்கு மணமூட்டவேண்டும் என்ற சட்டம் ரெக்சாஸில் வந்தது, பிற இடங்களுக்கும் பரவியது. மெர்கப்டன் என்னும் கந்தகச் சேர்வைகளில் துளியளவே போதும், மூக்கு அறிந்துகொள்ளும்.

அந்தப் பிள்ளைகளால் பிறந்த மணம், இத்தனை ஆண்டுகளின் பின்னர் அஜக்ஸில் ஒரு பிள்ளையின் மூக்கை எட்டியது. இதை மகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்று எமக்குள் வாக்குவாதம் நடந்தது. சொன்னோம். “அங்க ஒருத்தருக்கும் மணக்கேல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

திருத்துநர் வர ஒன்பது நாள் ஆயிற்று. இடையில் நாமே கழற்றிப் பூட்டிவிடலாம் என்ற எண்ணம் எம்முள் ஒருவருக்கு வந்தது. எம்மவருக்கு இது பிறவிக்குணம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள், ஓர் அடுப்புக்கு அஞ்சுவோமா? ஆனால் இங்கே எரிவாயுச் சாதனங்களில் கைவைப்பவர் அதற்குரிய உரிமம் பெற்றவராய் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். திருத்துநர் வந்தவுடன் முதலில் உரிம அட்டையைக் கேட்டுப் பார்த்ததும் மகள்தான்.

அவர் நரைத்த மீசை வைத்த ஒரு பெரியவர். எது பழுது என்று அவர் கேட்க, ஐயா நாம் பேசுமுன் முந்திக்கொண்டார். ஆங்கிலச் சொல் நாவில் வரவில்லை. கையை நீட்டி, உரத்த குரலில், “போறணை!” என்றார்.

வந்தவர் திரும்பிப் பார்த்தார். “ஃபோர்ணு?” என்றார்.

“ஓம், போறணை.”

“ஃபோர்ணு, ஃபோர்ணு!” என்று அவர் ஐயாவின் தோளில் தட்டினார். அவர் போர்த்துக்கலில் பிறந்தவர். ரொறன்ரோவில் அவர்களும் பெருந்தொகையாய் வாழ்கிறார்கள். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பறங்கியர் விட்டுப்போன சொற்கள் பல இன்னும் எமது நாவில் இருப்பதை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். பாண், குசினி, அலுமாரி, யன்னல் என்று வரிசையாய்ச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றையும் தம் மொழியில் திருப்பிச் சொன்னார். ஐயாவுக்கு அவர் பேசிய ஆங்கிலம் விளங்கவில்லை, அவருக்கு ஐயாவின் தமிழ் விளங்கவில்லை. குசினிக்குள் நிற்கும் பொருள்கள்வரை இருவருக்கும் ஒரே பாஷை. சிவப்பு மையில் ஆசிரியர் எழுதிய சொல் அந்நிய மனிதர் ஒருவரின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு மகள் திகைத்து நின்றாள். நாமும்தான்.

வேலை அரை மணிக்குள் முடிந்தது. அடுப்பின் மின்செருகியைக் கழற்றுமுன், மின்கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு மானியால் அவர் மின்னோட்டத்தை அளந்து காட்டினார். சட்டம் செம்மஞ்சளாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது, மானி 2.7 ஐத் தாண்டவில்லை. ஐயாவையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஐயா ஒளியையும் எண்ணையும் மாறிமாறிப் பார்த்தார். புதிய சட்டம் பூட்டியபின் மானி 3.4 காட்டியது. “டொப்” என்ற ஓசை இல்லை. துணி அசைவதுபோல் மெல்லிய ஒலி ஒன்று, பிறகு நீலச்சுவாலை.

புறப்படுமுன் அவர் சொன்னவற்றை இங்கே எழுதிவிடுகிறோம், பெற்றோருக்குப் பயன்படும். போறணை பற்றாவிட்டால் திருத்துநரை அழைக்குமுன் நாமே பார்க்கத்தக்கவை சில உண்டு. மின்செருகி கழன்றிருக்கலாம், மின்பெட்டியின் விசை விழுந்திருக்கலாம், பிள்ளைகள் எவரேனும் கட்டுப்பாட்டுப் பலகையைப் பூட்டிவிட்டிருக்கலாம். அதற்குமேல் எதையும் தொடவேண்டாம். போட்டு ஒன்றரை நிமிடத்துக்குள் பற்றாவிட்டால் நிறுத்திவிடுங்கள், மீண்டும் மீண்டும் முயலாதீர்கள். மணம் பலமாக இருந்தால் யன்னலைத் திறக்கவும் நிற்கவேண்டாம். விசை எதையும் தொடாமல், தொலைபேசியையும் உள்ளே எடுக்காமல், எல்லோரும் வெளியேறியபின் தூரத்தில் நின்று அழையுங்கள். ஊரில் உறவினர் உள்ளோருக்கு இன்னொன்று. இங்கே குழாயில் வரும் மீதேன் காற்றிலும் இலேசானது, மேலெழும். அங்கே உருளையில் வரும் வாயு கனமானது, தரையோடு படரும். 2021 கடைசியில் இலங்கையில் சமையல் வாயு அடுப்புகள் அடுத்தடுத்து வெடித்த செய்தி வந்தபோது எமது மாமி உருளையை முற்றத்தில் வைத்துவிட்டு விறகடுப்புக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு வாயுவே கிடைக்காமற் போனபோது ஊரே அவர் வழிக்கு வந்தது. மாமியின் பெருமை இன்னும் அடங்கவில்லை.

அடுத்த வீட்டு மூதாட்டிக்குக் கேக்கில் கால்வாசி போனது. கிறிஸ்மஸ் வந்தபோது அவர் தமது தீவின் கறுப்புக் கேக்கைத் தந்தனுப்பினார். அதில் ஊறியிருந்தது என்ன என்பதை ஐயா முதல் துண்டிலேயே கண்டுகொண்டார், இரண்டாம் துண்டும் கேட்டார்.

கழற்றிய பழைய சட்டத்தை மகள் பஞ்சில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். ஐயா இப்போது போறணைப் பக்கம் தீப்பெட்டியோடு போவதில்லை. ஆனால் வெறுமனே இருக்கவும் அவரால் முடியவில்லை. ஒன்றரை நிமிடம் என்பதைத் தமது பொறுப்பாய் எடுத்துக்கொண்டார். போறணையைத் திருப்பியதும் இளைய பேரனைப் பக்கத்தில் இருத்தி, இருவருமாகச் சத்தமாய் எண்ணுகிறார்கள். இளையவன் பாலர் வகுப்பு. தமிழில் ஐம்பதுவரை தடுமாறாமல் வரும், அதற்குமேல் அறுபதும் எண்பதும் இடம் மாறிவிடும். தொண்ணூறுவரை எண்ணத் தெரிந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் எப்போது நிற்பாட்டுவது என்று தெரியாது என்பது அப்பப்பாவின் கண்டிப்பு. ஐம்பதுக்குமேல் போகவேண்டிய தேவை இன்னும் வரவில்லை. சென்ற ஞாயிறு நாற்பத்திரண்டில் பற்றியது.